பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மயில்கழுத்துக் கலர்: டப்பா வாங்கும் முன் நாம் பார்க்க வேண்டியவை



வீடு கட்டும்போது செங்கல், சிமெண்ட், கம்பி என்று எல்லாவற்றுக்கும் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கடைசியில் பெயிண்டு என்று வரும்போது மட்டும் கடைக்காரர் நீட்டும் கலர் அட்டையில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அதற்குள் கையில் இருக்கும் பணமும் தீர்ந்துபோயிருக்கும், பொறுமையும் தீர்ந்துபோயிருக்கும்.

பெயிண்டு வாங்குவதும் பெரும்பாலும் கடன் பணத்தில்தான். குழுவில் சங்கக் கடன் வாங்கி, மாதாமாதம் வட்டியோடு கட்டும் பணம் அது. "ஐயோ, இந்தக் கலரா வந்துச்சு!" என்று பிறகு வருத்தப்பட்டால் திரும்ப அடிக்க முடியுமா? முடியாது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நாம் வாங்கும் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது, அந்த அறையில் படுத்துத் தூங்கும் பிள்ளையின் உடம்பையும் மூளையையும் பாதிக்கக்கூடியது.

அதனால் இந்த மாதப் பாடத்தை இரண்டு பகுதியாகப் படிப்போம். முதல் பகுதி கலரைப் பற்றியது. இரண்டாவது பகுதி டப்பாவைப் பற்றியது. உதாரணத்துக்கு இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் பச்சையும் நீலமும் கலந்த கலரையே எடுத்துக்கொள்வோம். தனி அறை இல்லாத வீட்டில், பிள்ளைகள் படுக்கிற, படிக்கிற அந்த ஒரு பக்கத்துக்கும் இது பொருந்தும்.

பகுதி 1: கலர்

நமக்குத் தெரிந்த கலர்தான்

பச்சைநீலம் என்றால் ஏதோ புதுக் கலர் என்று நினைக்க வேண்டாம். புடவைக் கடையில் மயில்கழுத்து, ராமர் பச்சை, ஆனந்தா கலர், கடல்பச்சை என்று நாம் பேர் சொல்லிக் கேட்கும் கலர்களின் குடும்பம்தான் இது. அடர்த்தியான மயில்கழுத்தில் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் வானம் மாதிரி வெளிறிய ஒரு பச்சைநீலம் வரும். சுவருக்குப் பொருந்துவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கலர்தான்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். பட்டுப் புடவையின் மயில்கழுத்து பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று இரண்டு நூலால் வருவது. திருப்பினால் நீலம், மடித்தால் பச்சை என்று மின்னும். சுவரில் அந்த மினுமினுப்பு வராது. புடவையைக் காட்டி "இதே கலர் வேணும்" என்று கேட்டால் கடைக்காரரால் கொடுக்க முடியாது.

சுவரில் கலர் ஏன் மாறித் தெரிகிறது?

புடவைக் கடையில் நாம் என்ன செய்கிறோம்? டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்ததை நம்பாமல், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். நம் அம்மா, பாட்டி காலத்திலிருந்து செய்கிற வேலை இது. பெயிண்டுக்கும் அதே புத்திதான் தேவை. பச்சைநீலத்துக்கு இது ரொம்பவே அவசியம். ஏனென்றால் இது இரண்டு நிறத்துக்கு நடுவில் நிற்கும் கலர். வெளிச்சம் சற்று மாறினாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும்.

* மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பில் பச்சையாகத் தெரியும். வெள்ளை டியூப்லைட்டில் நீலமாகத் தெரியும்.
* வடக்குப் பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில் நேர் வெயில் அவ்வளவாக வராது. அங்கே நீலம் தூக்கலான கலர் மங்கிச் சாம்பல் அடித்தது போல் இருக்கும். பச்சை கொஞ்சம் கூடுதலாக உள்ள கலரை எடுத்தால் அறை உயிரோடு இருக்கும்.
* நம் வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை அதிகம். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சைநீலம் இரண்டு மடங்கு எடுப்பாகத் தெரியும். சாம்பல் சிமெண்ட் தரைக்குப் பக்கத்தில் அடங்கித் தெரியும்.
* அட்டையில் ஒரு விரல் அகலம் பார்த்த கலர், நாலு சுவரிலும் வரும்போது ஒரு சுவரின் நிறம் இன்னொரு சுவரில் பட்டு, இன்னும் அடர்த்தியாகத் தெரியும். அதனால் அட்டையில் பிடித்த கலரைவிட ஒன்றோ இரண்டோ படி வெளிறிய கலரை எடுப்பது நல்லது.

ஒரே ஒரு சின்ன ஜன்னல் உள்ள அறைக்கு அடர் மயில்கழுத்து வேண்டாம். அடர் கலர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். பகலிலேயே லைட் போட்டுத்தான் பிள்ளை படிக்க வேண்டி வரும். ஆசையாக இருந்தால் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக அடித்து, மற்ற மூன்று சுவருக்கு வெளிறிய கலரும், மேல் கூரைக்கு வெள்ளையும் அடிக்கலாம். வெள்ளைக் கூரை வெளிச்சத்தைக் கீழே திருப்பிவிடும்.

சோதித்துப் பார்க்கும் முறை

1. பிள்ளையிடம் மூன்று கலரைக் காட்டி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மொத்த அட்டையையும் கையில் கொடுத்தால் முடிவே வராது.
2. அந்தக் கலரை எவ்வளவு குறைந்த அளவில் கொடுக்க முடியுமோ அவ்வளவு மட்டும் கேட்டு வாங்குங்கள்.
3. வெள்ளைத்தாள் ஒட்டிய, 2 அடிக்கு 2 அடி உள்ள ஒரு அட்டைப்பெட்டித் துண்டில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒரு கலர், காய்ந்த பிறகு வேறு கலர். சுண்ணாம்பு அடித்துப் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.
4. அட்டையை ஜன்னல் இருக்கும் சுவரில் ஒரு நாள், எதிர்ச் சுவரில் ஒரு நாள் சாய்த்து வையுங்கள். காலை, மதியம், ராத்திரி லைட் போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள்.
5. மூன்று வேளையும் பிடித்திருந்தால் மட்டும் கலர் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மெஷினில் கலக்கிய பெயிண்டைக் கடையில் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

"பையனுக்கு நீலம், பொண்ணுக்கு ரோஸ்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பச்சைநீலத்தில் அந்த வம்பே இல்லை. அண்ணன், தங்கை இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தாலும் பொருந்தும். அதே போல் "இந்தக் கலர் அடிச்சா பிள்ளைக்குப் படிப்பு நல்லா வரும்" என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். படிப்புக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் காற்றும், நாம் கொடுக்கும் நேரமும்தான்.

பகுதி 2: டப்பா

எந்த வகைப் பெயிண்டு?

சுண்ணாம்பு: விலை குறைவு. சுவர் மூச்சுவிடும். பூச்சி, பூஞ்சை அண்டாது. துணிக்குப் போடும் நீலம் கலந்தால் லேசான நீலம் வரும். ஆனால் கையில் ஒட்டும். சிலர் பச்சைநீலம் வருவதற்காகச் சுண்ணாம்பில் மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம், சுண்ணாம்பு இரண்டும் சேர்ந்தால் என்ன என்று விவசாயம் பார்க்கும் நமக்குத் தெரியும். செடிக்கு அடிக்கும் போர்டோ கலவை அது! வயிற்றுக்குள் போனால் விஷம். கையில் உதிர்ந்து வரும் சுவரில் அதைக் கலந்து, பிள்ளை சாய்ந்து படுக்கும் அறைக்கு அடிக்க வேண்டாம்.

டிஸ்டெம்பர்: தண்ணீரில் கலக்குவது. விலை நடுத்தரம். வெள்ளை டிஸ்டெம்பர் வாங்கி ஸ்டெய்னர் ஊற்றிக் கலர் கொண்டுவரலாம். அப்படிச் செய்தால் முழு அறைக்கும் தேவையானதை ஒரே தடவையில் ஒரே பாத்திரத்தில் கலக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் அதே கலர் வராது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும்.

எமல்ஷன்: இதுவும் தண்ணீரில் கலக்குவதுதான். விலை கொஞ்சம் கூட. பிள்ளைகள் கிறுக்கினால் ஈரத் துணியால் துடைக்கலாம், பல வருஷம் நிற்கும். கையில் பணம் இருந்தால் பிள்ளைகள் அறைக்கு இது நல்லது.

எனாமல்: எண்ணெய்ப் பெயிண்டு என்று நாம் சொல்வது. கதவு, ஜன்னல் கம்பி, அலமாரி, தொட்டில், கட்டில் இவற்றுக்கு அடிப்பது. நாம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான்.

காரீயம் என்ற ஆபத்து

பெயிண்டில் காரீயம் சேர்க்கும் வழக்கம் உலகம் முழுவதும் இருந்தது. நிறம் பளிச்சென்று இருக்க, சீக்கிரம் காய, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க என்று பல காரணம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எண்ணெய்ப் பெயிண்டுகளில் இது அதிகம். பச்சையிலும் உண்டு. எப்படி? காரீயம் உள்ள மஞ்சள் தூளையும் நீலத் தூளையும் கலந்து பச்சை செய்வது ஒரு பழைய முறை. அதனால் "எங்க வீட்டு ஜன்னல் பச்சைதானே, மஞ்சள் இல்லையே" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, அது வெள்ளீயம். பென்சிலில் இருப்பதும் காரீயம் இல்லை, அது கிராபைட். நாம் பேசும் காரீயம் பழைய மீன்வலைக் குண்டிலும், வண்டி பேட்டரியிலும் இருக்கும் கனமான உலோகம்.

இது பிள்ளை உடம்புக்குள் எப்படிப் போகும்? தவழும் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கும். அந்தக் கம்பியையே வாயில் வைக்கும். உரிந்த பெயிண்டுச் செதிலைப் பொறுக்கித் தின்னும். கதவு உராய்ந்து உதிரும் தூள் தரையில் கிடக்கும், அது கையில் ஒட்டி வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு, விழுங்கிய காரீயத்தை 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது என்றும் சொல்கிறது.

உள்ளே போன காரீயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கவனம் நிற்காது, படித்தது மனதில் தங்காது. ரத்தசோகை வரும். அதிகமானால் வயிற்றுவலி, மலச்சிக்கல், வலிப்பு வரை போகும். பல பிள்ளைகளுக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. "மக்குப் பிள்ளை" என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். மூளைக்கு ஒரு தடவை ஏற்பட்ட பாதிப்பை மருந்தால் திரும்பச் சரிசெய்வது கடினம். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்த காரீயம் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் போகும். உலகில் 3 குழந்தைகளில் 1 குழந்தையின், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்குக் காரீயம் இருப்பதாக 2020-ல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதற்குப் பேட்டரி, மசாலாத்தூள், பாத்திரம் என்று பல காரணங்கள் உண்டு. பெயிண்டும் அதில் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-ல் வீட்டுப் பெயிண்டுகளுக்கென்று விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. இதைத்தான் 90 பி.பி.எம். என்கிறார்கள். காரீயம் அந்த அளவைத் தாண்டவில்லை என்று டப்பா மேலேயே போட வேண்டும். தயாரித்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் வருஷமும் இருக்க வேண்டும்.

விதி வந்த பிறகும், சந்தையில் விற்ற சில எண்ணெய்ப் பெயிண்டுகளில் அளவுக்கு மேல் காரீயம் இருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. எனவே சட்டம் இருக்கிறது என்று நாம் சும்மா இருக்க முடியாது. டப்பாவைப் பார்த்து வாங்க வேண்டியது நம் வேலை.

கடையில் நாம் பார்க்க வேண்டியவை:

* டப்பாவில் எல்-இ-ஏ-டி என்ற நான்கு எழுத்து ஆங்கில வார்த்தையையும், அதை ஒட்டி 90 என்ற எண்ணையும் தேடுங்கள். ஆங்கிலம் படிக்க வராது என்றால் படிக்கும் மகளையோ மகனையோ கூட்டிப் போங்கள். கடைக்காரரிடம் "லெட் எவ்வளவுன்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்கண்ணா" என்று கேட்கலாம். இதில் கூச்சம் வேண்டாம்.
* முகவரி இல்லாத டப்பா, தேதி இல்லாத டப்பா, சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் எண்ணெய்ப் பெயிண்டு, இவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.
* வண்டிப் பட்டறையிலோ டிராக்டருக்கு அடித்ததிலோ மிச்சமான பெயிண்டை வாங்கி ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் அடிக்காதீர்கள். மேலே சொன்ன விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டுமே. தொழிற்சாலை, வாகன உபயோகத்துக்கான பெயிண்டுக்கு அது பொருந்தாது.
* பில் கட்டாயம் வாங்குங்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது

புதுசு அடிப்பதற்காகப் பழசைச் சுரண்டும் நாள்தான் மிக ஆபத்தான நாள். பத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் அடித்த ஜன்னலில் காரீயம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்வோம்.

* பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.
* உப்புத்தாளை வறட்டுத்தனமாகத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். வாய், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.
* கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விழும் தூளை அப்படியே சுருட்டிக் கட்டுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத் துணியால் இரண்டு மூன்று தடவை துடையுங்கள்.
* அந்தத் தூளைக் குப்பைக்குழி எருவிலோ, தோட்டத்திலோ, மாட்டுத் தொழுவத்துப் பக்கமோ கொட்டாதீர்கள். பெயிண்டை நக்கிய மாடு கன்றுகளுக்கும் காரீய விஷம் ஏறும்.
* பெயிண்டு அடித்த பழைய கதவு, ஜன்னல் கட்டைகளை அடுப்பில் வைத்து எரிக்கக் கூடாது. காரீயம் புகையிலும் சாம்பலிலும் வந்துவிடும். அந்தச் சாம்பலால் பாத்திரம் விளக்குவதும் ஆபத்து.
* வேலை முடிந்ததும் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பெயிண்டு நன்றாக ஒட்டியிருந்து எங்கும் உரியவில்லை என்றால் சுரண்டவே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்துவிட்டு அதன் மேலேயே புதுசு அடிக்கலாம்.

எவ்வளவு வாங்குவது? ஒரு கணக்கு

அறை 10 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம்.

நாலு சுவர்: 10 + 10 + 10 + 10 = 40 அடி. 40 x 9 = 360 சதுர அடி.
கதவு 7 x 3 = 21 சதுர அடி. ஜன்னல் 4 x 3 = 12 சதுர அடி. மொத்தம் 33.
அடிக்க வேண்டியது: 360 - 33 = 327 சதுர அடி.

ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று கவனியுங்கள். இரண்டு கோட்டுக்கு 60 சதுர அடி என்றால், 327 / 60 = சுமார் 5.5 லிட்டர். ஆக 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் டப்பா இரண்டு போதும். "எதுக்கும் பத்து லிட்டர் வாங்கிக்கங்க" என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். எல்லா டப்பாவையும் ஒரே நாளில் ஒரே நம்பரில் கலக்கி வாங்கி, அடிக்கும் முன் ஒரு வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிக்கொண்டால் சுவருக்குச் சுவர் கலர் மாறாது.

குழுவில் மூன்று நாலு பேர் ஒரே சமயம் வீட்டு வேலை செய்தால் பிரைமரையும் கூரைக்கு அடிக்கும் வெள்ளையையும் பெரிய டப்பாவாகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். சின்ன டப்பாவைவிட லிட்டர் விலை குறையும்.

அடிக்கும்போது

பொங்கலுக்கு என்று மார்கழி கடைசியில் அவசரமாக அடிக்கிறோம். மழை முடிந்த சூட்டோடு, சுவர் இன்னும் ஈரம் காத்திருக்கும் நேரம் அது. ஈரச் சுவரில் அடித்த பெயிண்டு சீக்கிரமே கொப்பளித்து உரியும். மாசி, பங்குனியில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் தண்ணீர் விட்டு முடித்த பிறகு குறைந்தது ஒரு மாதமாவது காயவிட வேண்டும். ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

அடித்த பிறகு கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, வாசனை முழுக்கப் போன பிறகே பிள்ளைகளைப் படுக்க வையுங்கள். எனாமல் வாசனை போகக் கூடுதல் நாள் ஆகும். மிச்சமான டர்பன்டைன், மண்ணெண்ணெயைக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தவறிப்போய்ப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

"என் பிள்ளை ஏற்கனவே பெயிண்டுச் செதிலைத் தின்றிருக்கு. என்ன செய்ய?"
டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மண், சுவர்க்காரை தின்னும் பழக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது. எங்கே செய்யலாம் என்று அவர் சொல்வார்.

"சாப்பாட்டால் தடுக்க முடியுமா?"
முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்புதான் காரீயத்தை அதிகம் உறிஞ்சும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பால், பயறு தவறாமல் கொடுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் பெரிய பாதுகாப்பு.

"வாடகை வீடு, பெயிண்டு அடிக்க வசதியில்லை."
உரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்க வைக்காமல் பாயை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். தரையையும் ஜன்னல் திண்டையும் ஈரத் துணியால் அடிக்கடி துடையுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊர் அங்கன்வாடி, பள்ளியின் ஜன்னல், கதவு, விளையாட்டுச் சாமான்களில் பெயிண்டு உரிந்திருக்கிறதா? யாரிடம் சொல்லலாம்?
2. பக்கத்துக் கடைகளில் விற்கும் டப்பாக்களில் 90 பி.பி.எம். என்று போட்டிருக்கிறதா? இரண்டு உறுப்பினர்கள் போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள்.
3. வீட்டுப் பராமரிப்புக் கடன் கேட்கும் உறுப்பினருக்கு, சதுர அடிக் கணக்குப் போட எழுதப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் உதவலாமா?

பிள்ளை ஆசைப்பட்ட கலரை அடித்துக் கொடுப்பது நமக்கும் சந்தோஷம். அந்தக் கலரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுப்போம். டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்குவோம். படிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.